மகோதரமும் உப்புப் பத்தியமும்

(கோலார் தங்கவயல், இராபர்ட்சன்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படிப்பக விழா என்றால் கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசத் தக்க ஒரு புலவரை அழைப்பதே வழக்கமாயிருக்க, வயிற்றைப் பற்றிப் பேச ஒரு வைத்தியனை அழைத்திருக்கும் இந்தப் படிப்பகத்தாரின் துணிச்சலை நான் முதலில் பாராட்ட வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் தமிழும் வைத்தியமும் ஒன்றாக உட்காருவது புதிய காரியமன்று. 1907-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ‘தமிழன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். அவர் கண்ட பௌத்த சங்கத்துக்கு இங்குள்ள மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் கொடுத்த ஆதரவை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்னும் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. ஆகையால், இந்த மேடையில் ஒரு வியாதியைப் பற்றிப் பேசுவது அபசாரமாகாது என்ற தைரியத்தோடு தொடங்குகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் கல்லீரல் கெட்டு அதனால் வயிற்றில் நீர் சேரும் வியாதி. சித்த வைத்தியர்கள் இதை மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் சொன்னார்கள்; வடமொழி நூலார் ஜலோதரம் என்றார்கள்; நமது சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இதை ‘வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு’ என்று சொல்வார்கள். இவற்றில் எதைச் சொன்னாலும் என் முன்னே வந்து நிற்கிற உருவம் ஒன்றுதான். வேட்டியை இடுப்பில் நிறுத்த முடியாமல் வயிற்றுக்குக் கீழே தாழ்த்திக் கட்டி, கைகள் சூம்பி, கன்னம் ஒட்டி, தொப்புள் வெளியே பிதுங்கி, தோலின் மேல் பச்சை நரம்புகள் கிளை விரித்து ஓட, மூச்சு வாங்கிக்கொண்டு, பெஞ்சியில் சாயவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஐம்பது வயதுக்காரர். ‘கொஞ்சம் தொந்தி விழுந்திருக்கு, அவ்வளவுதான்’ என்று ஆறுமாத காலம் வீட்டார் எண்ணியிருப்பார்கள். தொந்தி விழுந்தவனுக்குத் தோளும் தொடையும் சேர்ந்து பருக்கும். வயிறு மட்டும் வளர்ந்து மற்ற அவயவங்கள் எல்லாம் தேய்ந்தால் அது தொந்தியன்று என்ற ஒரு லக்ஷணத்தை மட்டும் இங்கிருக்கும் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் எத்தனையோ பேருக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகும்.

இப்படி ஒருவர் தெருவில் நடந்தால் ஜனங்கள் உடனே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: குடித்துக் கெட்டவன் என்று. அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டில் இங்கே வந்து சுரங்கம் தோண்டத் தொடங்கியது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர், பூமிக்குள்ளே இறங்கி ஏறிய களைப்புக்குச் சாராயத்தையே ஔஷதமாகக் கொண்டார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. பாறையே கொதிக்கும் அந்த ஆழத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்து வந்தவனைக் கடைக்குப் போகாதே என்று உபதேசிப்பது, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சுலபம். கர்நாடக அரசு 2007-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து சாராயக் கடைகளை மூடியபோதிலும், பாக்கெட் போய் பாட்டில் வந்ததே தவிர, கல்லீரலுக்கு அதனால் பெரிய விமோசனம் கிடைத்துவிடவில்லை. கல்லீரலுக்குச் சாராயமென்றும் பிராந்தியென்றும் பேதம் தெரியாது. உள்ளே போன ஆல்கஹாலின் அளவு ஒன்றுதான் அதற்குக் கணக்கு.

ஆனால் மற்றப் பாதி உண்மையை யாரும் பேசுவதில்லை. ஆயுளில் ஒரு துளி மதுவைத் தொடாத பெண்களுக்கும் மகோதரம் வருகிறது. ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரஸ்கள் பல வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து கல்லீரலைத் தழும்பாக்கிவிடுகின்றன. நீரிழிவும் உடற்பருமனும் சேர்ந்து கொழுப்புப் படிந்து அதே கதிக்குக் கொண்டுபோகின்றன. அப்படிப்பட்ட ஒரு பெண்மணி ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். குடித்ததனால் வந்தவனையும் நான் இகழச் சொல்லவில்லை. இகழ்ச்சி ஒருவனையும் கடையிலிருந்து திருப்பியதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு மாறாக, குடியை அறவே நிறுத்தியவர்களில் சிலருக்குச் சில மாதங்களில் நீர் வற்றி, மாத்திரையே தேவைப்படாத ஸ்திதிக்குத் திரும்பியதை மட்டும் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இனி, தங்கவயலுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வயிற்றில் நீர் என்றால் கல்லீரல் என்று மற்ற ஊர் வைத்தியர் உடனே முடிவு கட்டிவிடலாம். இந்த ஊரில் அப்படிச் செய்வது ஆபத்து. 1940-களில் இங்குள்ள சுரங்கத் தொழிலாளர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானவர்களின் நுரையீரலில் கல்தூள் படிந்த சிலிகோசிஸ் வியாதி கண்டது. கல்தூள் படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். அந்தக் காசநோய் நெஞ்சோடு நிற்காமல் குடலைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் இறங்கினால், அங்கேயும் நீர் சேர்ந்து வயிறு பெருக்கும். இன்னொரு வழியும் உண்டு: இறுகிப்போன நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் ஓய்ந்துபோனால், திரும்பிவர வழியில்லாத இரத்தம் கல்லீரலில் தேங்கி, அதன் விளைவாகவும் நீர் கோக்கும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அதற்கு முன் உள்ளே இறங்கியவர்களின் நெஞ்சில் படிந்த தூள் மூடப்படவில்லை. பார்வைக்கு ஒரே மாதிரியாக இருக்கும் மூன்று வயிறுகளில் ஒன்றுக்குக் காசநோய் மருந்தும், ஒன்றுக்கு இதய மருந்தும், ஒன்றுக்குக் கல்லீரல் சிகிச்சையும் வேண்டியிருக்க, மூன்றுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தால் இரண்டு பேரை நாம் கைவிட்டவர்களாவோம்.

எப்படிப் பிரித்தறிவது? வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துத்தான். ஊசி என்றதும் ஜனங்களுக்கு ஒரு பயம். ‘ஒருதரம் தண்ணி எடுத்தா எடுத்துக்கிட்டே இருக்கணும்’ என்றும், ‘ஊசி போட்டா ஆள் போயிடுவான்’ என்றும் சொல்லிக்கொள்வார்கள். நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் விரலால் தட்டி, ஓசை மங்கும் இடத்தைக் கண்டு, மருந்திட்டுத் துடைத்து, மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு மெல்லிய ஊசியை இறக்கினால், வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் சிரிஞ்சில் ஏறுகிறது. முதன்முறை இருபது முப்பது மில்லிலிட்டர் போதும். அந்த நீரிலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தையும் அதே நாளில் எடுத்த இரத்தத்திலுள்ள ஆல்புமினையும் ஒப்பிட்டு, வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்தால் காசநோயையோ புற்றையோ தேட வேண்டும். இதயத்தால் வந்ததாயின் வித்தியாசம் அதிகமாகவே இருந்தாலும் நீரில் புரதமும் கூடுதலாக இருக்கும். நாலைந்து கரண்டி நீர் இத்தனை விஷயங்களைச் சொல்லுகிறது. இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது விலாசம் எழுதாமல் கடிதம் போடுவதாகும்.

காரணம் கல்லீரல்தான் என்று தெளிந்தபின், நீர் எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லுகிறேன். தழும்பேறி இறுகிய கல்லீரலுக்குள் குடலிலிருந்து வரும் இரத்தம் சுலபமாக நுழைய முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. அதே சமயத்தில் குடலைச் சுற்றியுள்ள தமனிகள் தளர்ந்து விரிந்து இரத்தத்தைத் தேக்கிக்கொள்வதால், மற்ற இடங்களில் இரத்தம் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தவறாக எண்ணிக்கொண்டு, உடம்பில் உள்ள உப்பை வெளியே விடாமல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. உப்பு எங்கே நிற்கிறதோ அங்கே நீரும் நிற்கும். ஆல்புமினும் குறைந்துபோன இரத்தம் அந்த நீரைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளச் சக்தியின்றி வயிற்றுக்குள் கசியவிடுகிறது. வயிற்றில் சேர்ந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை கிராம் உப்பு இருக்கிறது என்றால், நாளொன்றுக்குப் பத்துக் கிராம் உப்புச் சாப்பிட்டு அதில் பெரும் பகுதியைச் சிறுநீரில் வெளியேற்ற முடியாத ஒருவர் தினம் ஒரு லிட்டர் நீருக்குத் தாமே இடம் தயார் செய்துகொள்கிறார் என்ற கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? நீர் வியாதி என்பதால் நீரை நிறுத்துகிறார்கள். நாக்கு வறண்டு, உதடு வெடித்து, ஒரு மிடறு தண்ணீருக்குக் கெஞ்சும் மனிதருக்கு ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் வைக்கிறார்கள்! இரத்தத்தில் சோடியத்தின் அளவு 125-க்குக் கீழே இறங்கினாலன்றிப் பெரும்பாலோருக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. குறைக்க வேண்டியது உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. எல்லா வேளைக்கும் சேர்த்து அவ்வளவுதான். காலையில் ஒரு சிறிய டப்பாவில் அந்த ஒரு கரண்டி உப்பை எடுத்து நோயாளியின் பெயரால் தனியே வைத்துவிட்டு, அவருக்கு எடுக்கும் குழம்பிலும் பொரியலிலும் அதிலிருந்தே தூவிக் கொடுத்து, மாலையில் டப்பா காலியானால் இரவுச் சாப்பாடு உப்பில்லாமல் என்று ஒரு நியமம் வைத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். எந்த மருந்தையும்விட அந்த டப்பா நன்றாக வேலை செய்தது. நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. கேழ்வரகுக் களியை உப்பே இல்லாமல் கிண்டலாம். அதன் ருசிக்கு ஒரு குறைவும் வராது. தொட்டுக்கொள்ளும் குழம்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. எலுமிச்சையும் பூண்டும் சீரகமும் கொத்துமல்லியும் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்தால் நாக்கு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

இந்துப்புச் சேர்க்கலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். இந்துப்பும் உப்புதான், மலையில் வெட்டினாலும் கடலில் காய்ச்சினாலும் சோடியம் சோடியமே. சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பிலோ பொட்டாசியம் இருக்கிறது. இந்த நோயாளிகள் சாப்பிடும் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இரண்டு மூன்று இளநீர் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு.

மாத்திரைகள் இரண்டு: ஸ்பைரனோலாக்டோன், ஃப்ரூசமைடு. முதலாவது மெதுவாகப் போகும் மாடு. அது வேலை காட்ட நாலைந்து நாள் ஆகும். இரண்டையும் பெரும்பாலும் நூறுக்கு நாற்பது மில்லிகிராம் என்ற விகிதத்தில் தொடங்கி, உப்புச்சத்தையும் சிறுநீரகத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், பலகாரத்துக்கு முன், ஒரே தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ வரை இறங்கலாம். சீக்கிரம் வற்ற வேண்டுமென்று தாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொண்டால் சிறுநீரகம் சுருண்டுவிடும். இன்னொரு விஷயம், ஆண்கள் வெட்கத்தால் சொல்லாதது: ஸ்பைரனோலாக்டோன் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கச் செய்யும். அதற்காக யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, வயிறு மறுபடி பெருத்த பிறகு வருகிறவர்கள் உண்டு. சொன்னால் வேறு மாத்திரை மாற்றலாம். வெட்கத்துக்கு ஒரு வயிற்றைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

மாத்திரைக்கு அடங்காத நீரை ஊசியால் வடிப்பது மிகப் பழைய உபாயம். சுசுருதர் தம் சம்ஹிதையில் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கத்தில் துளையிட்டு, குழாய் வைத்து, நீரை ஒரே நாளில் முழுவதும் எடுத்துவிடாமல் சிறுகச் சிறுக எடுத்து, பின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவில் சங்கீத மேதை பீத்தோவனுக்கு 1826 டிசம்பரிலிருந்து நான்கு முறை இப்படி வடித்தார்கள். 1827 மார்ச் 26-இல் வியன்னாவில் அவர் காலமானார். ஒரே மூச்சில் பல லிட்டர் எடுத்தால் இரத்தவோட்டம் தளர்ந்து சிறுநீரகம் பழுதாகும் என்ற ஆபத்துக்கு நம் காலத்தில்தான் சரியான பரிகாரம் கிடைத்தது: ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு முதல் எட்டுக் கிராம் ஆல்புமினை நரம்பு வழியே ஏற்றுவது. அந்தப் புட்டிகளின் விலை ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் பாரம் என்பதை நான் அறிவேன். ஆனால் புட்டி வாங்கப் பணமில்லையென்று பத்து லிட்டரை வெறுமனே வடித்து அனுப்புவது வைத்தியமாகாது. அதைவிட ஐந்து லிட்டரோடு நிறுத்தி, மறுபடி வரச் சொல்வது எவ்வளவோ மேல். சுரங்கங்கள் ஓடிய காலத்தில் இரவும் பகலும் பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். பம்பு நின்றதும் ஷாப்டுகளில் நீர் ஏறிவிட்டதை நீங்களே அறிவீர்கள். உப்பைக் குறைக்காமல் ஊசியை மட்டும் நம்புகிறவரின் கதையும் அதுதான். வடித்த பத்தாம் நாள் வயிறு பழையபடி நிற்கும்.

மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகையறாக்கள் இவர்களுக்கு விஷம். சிறுநீரகத்தின் இரத்தவோட்டத்தை அவை சுருக்கிவிடும். வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவில், நாளுக்கு இரண்டு கிராமுக்குள். காய்ச்சல், வயிற்று வலி, தார் போன்ற கறுத்த மலம், இரத்த வாந்தி, சிறுநீர் குறைதல், பகலில் தூங்கி இரவில் விழித்துச் சம்பந்தமில்லாமல் பேசுதல், இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்று நீரில் கிருமி புகுந்துவிட்டால் காய்ச்சலே இல்லாமலும் இருக்கும்; மனிதர் கொஞ்சம் மந்தமாகிவிட்டார் என்பது ஒன்றே அதற்கு அடையாளமாயிருக்கலாம். மறுபடியும் அந்த நீரை எடுத்து, கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோபில் வெள்ளணுக்கள் இருந்தால் உடனே மருந்து தொடங்கிவிடுவார்கள். ஓர் இரவு காத்திருப்பதும் கூடாது.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்களில் பாதிப் பேர் என்னை மன்னிக்கமாட்டீர்கள். அதை நான் இகழ்பவனல்லன். சென்னையில் தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்து, ஹெபடைடிஸ் பி வைரஸை அது விரட்டுவதாக உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் மற்ற தேசங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தழும்பேறி நீர் கோத்த கல்லீரலை அது திருத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது; அதை நம்பி உப்பு டப்பாவையும் மாத்திரையையும் ஒதுக்கிவைப்பதுதான் என் கவலை. பத்தியம் என்ற பெயரில் வெறும் கஞ்சியோடு நிறுத்துவதும் அதே வகையில் தீது. புரதம் சேர்ந்தால் மூளை மயங்கும் என்று முன்னொரு காலத்தில் நாங்களே தடுத்ததுண்டு. இப்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறோம். பாசிப்பயறு, முட்டை, பால், தயிர் எல்லாம் தரலாம். இரவு படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பாலும் ஏதாவது சிற்றுண்டியும் தவறாமல் கொடுத்தால், விடியும் வரை பட்டினி கிடந்து சதையைத் தின்னும் உடம்புக்கு அது துணை.

கல்லீரல் நோயால் நீர் சேரத் தொடங்கியபின், எல்லாம் செய்தும், ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேரை இழக்கிறோம் என்பதை உங்களிடம் ஒளிக்க நான் விரும்பவில்லை. அதனால்தான் நீர் முதன்முறை கோத்தபோதே, அது வற்றிவிட்ட சந்தோஷத்திலும்கூட, மாற்றுக் கல்லீரலைப் பற்றி ஒரு நிபுணரிடம் கேட்டுவைக்க வேண்டும். நம் தேசத்தில் இந்தச் சிகிச்சை முதன்முதல் வெற்றி பெற்றது 1998-இல் தில்லியில்; பிழைத்த குழந்தை காஞ்சிபுரத்துக் குழந்தை, கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அதன் தந்தை. கொடுத்தவரின் கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இறந்தவர்களிடமிருந்து பெறுவதற்குக் கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே என்ற அமைப்பிலும், வேலூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் தமிழ்நாட்டு அமைப்பிலும், சிகிச்சை செய்யும் மருத்துவமனை மூலமாகவே பெயரைப் பதிய வேண்டும். குடிப்பழக்கம் இருந்தவராயின் பொதுவாக ஆறு மாதம் விட்டிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆகையால் விட்ட தேதியையும் அந்த எடை நோட்டிலேயே முதல் பக்கத்தில் எழுதிவைத்து, மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறும்போது பழைய ஸ்கேன் காகிதங்களோடு அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஹெபடைடிஸ் பி-யால் வந்தவராயின், வீட்டிலுள்ள மற்ற எல்லாரும் இரத்தத்தைப் பரிசோதித்து, அந்த வைரஸ் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இனி, உங்கள் வினாக்களுக்கு விடை சொல்லுகிறேன்.